பூட்டி வைத்த கடிதங்கள்

நடுவயதில் ஒரு பெண் 'தன்னைக் கண்டடைகிறாள்' என்கிற நாவல்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், மத்தியானம் காலியாகக் கிடக்கிறது, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து 'நான் யார்' என்று யோசிக்கிறாள். அந்த நேரத்தில் கொல்லையில் அவள் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குகிறவள் யார் என்பது மட்டும் கதையில் வராது. துலக்குகிறவளுக்கும் நாற்பது தாண்டியிருக்கும்.

ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' (1982) வேறு மாதிரி. சீலி, அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கிராமத்துக் கறுப்பினப் பெண். அப்பன் என்று நம்பியவனே பதினாலு வயதில் அவளைச் சிதைக்கிறான். பெற்ற இரண்டு பிள்ளைகளும் பறிபோகின்றன. பிறகு ஆல்பர்ட்டுக்குக் கட்டிக்கொடுத்து, அவன் நிலத்திலும் வீட்டிலும் உழைத்து அடிபடுகிறாள். தங்கை நெட்டி ஆப்பிரிக்காவிலிருந்து எழுதும் கடிதங்களை அவன் வருஷக்கணக்கில் பெட்டியில் ஒளித்து வைக்கிறான். தங்கை செத்துவிட்டாள் என்றே இவள் நினைக்கிறாள். தொலைந்ததைத்தானே கண்டடைய முடியும்? சீலியின் சுயம் தொலையவில்லை, பிடுங்கிப் பூட்டப்பட்டிருந்தது.

கறுப்பின ஆண்களைக் கேவலப்படுத்துகிறாள் என்று வாக்கரை ஏசினார்கள். சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) வந்தபோது நம் தோழர்கள் சிலரும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். அது கிடக்கட்டும்.

எனக்கு உறுத்தியது கடைசிப் பகுதி. வயதான ஆல்பர்ட்டும் சீலியும் திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்து தைக்கிறார்கள். எங்கள் பெண்கள் குழுவில் ஒரு ராத்திரி இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. 'விட்டுக்குடுத்துப் போங்க' என்று ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நம்மிடம்தானே சொல்கிறார்கள்! நடவுக்குப் போகிற அக்கா ஒருத்தி கேட்டாள்: "இது அவ கைல தொழில் வந்த பொறவா, முந்தியா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நாவலை ஒழுங்காகத் திரும்பப் படித்தேன். கடிதங்கள் கிடைத்ததும் அவனைக் கொல்லவே துடிக்கிறாள். ஆல்பர்ட்டின் காதலி ஷக், சவரக்கத்திக்குப் பதில் ஊசியைக் கையில் கொடுக்கிறாள். அவன் முகத்துக்கு நேரே பேசிவிட்டு மெம்பிஸுக்குக் கிளம்புகிறாள். கால்சட்டை தைத்துச் சொந்தத் தொழில், பிறகு பெற்ற தகப்பன் விட்டுப்போன வீடு. இதற்கிடையில் மிச்சக் கடிதங்களையும் அவன் அனுப்பிவைக்கிறான், அதுவும் மகன் நெருக்கியதால். இத்தனைக்கும் அப்புறம்தான் திண்ணை. திரும்பவும் கட்டிக்கொள்ளலாமா என்கிறான், முடியாது என்கிறாள். சிநேகிதமாக இருக்கலாம், அவ்வளவுதான். பிடுங்கியதைத் திருப்பித் தராதவனோடு சமரசம் பேசச் சொல்வது, என்னைப் பொறுத்தவரை, இன்னொரு அடி.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அவன் மிச்சக் கடுதாசியக் குடுக்காமலே செத்திருந்தா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. விடிந்தால் நடவு. அவள் எழுந்து போய்விட்டாள்.