வேதசாட்சி எனப்படுபவர் யார்?

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊர்காவற்றுறை நோக்கிச் செல்வோர், மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் காணும் ஊர் அல்லைப்பிட்டி. 2006ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி இரவு அவ்வூரிலும் அயலூர்களிலுமாக, குழந்தைகள் உட்பட 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூன்று மாதங்களின் பின்னர், ஆகஸ்ட் 13ஆம் திகதி அதிகாலையில், மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்தன. குறைந்தது 15 பேர் மாண்டனர். எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் செல்ல உழைத்தவர், அப்பங்கிற் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த 34 வயதுக் குருவானவர் திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு வாரத்தின் பின், ஆகஸ்ட் 20ஆம் திகதி, அவர் அவ்வூருக்கு மீண்டும் சென்றார். ஐந்து பிள்ளைகளின் தந்தையான பொதுநிலையினர் ஒருவரும் உடன் சென்றார். கடற்படைச் சோதனைச் சாவடியருகே காணப்பட்டதே அவ்விருவரின் இறுதிக் காட்சி.

இக்குருவானவரை வேதசாட்சி என அழைத்தல் தகுமா?

திருச்சபையின் மரபு இங்கு மிகவும் கண்டிப்பானது. இறப்பு நிகழ்ந்திருத்தல் வேண்டும். அதனை அவர் மனமுவந்து ஏற்றிருத்தல் வேண்டும். கொன்றவர் விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பினாற் கொன்றிருத்தல் வேண்டும். பாக்கு நீரிணைக்கு அப்பால், ஓரியூரில் 1693ஆம் ஆண்டு தலை வெட்டப்பட்ட அருளானந்த அடிகளார் விடயத்தில் ஐயத்திற்கு இடமில்லை. கொல்லப்பட்ட இடமும் நாளும் காரணமும் தெளிவு. அவ்விடத்துச் செம்மண்ணை இன்றும் அடியார்கள் எடுத்துச் செல்கின்றனர். ஈழத்திலும் 1658இன் பின் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து, அவர்களுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை விதித்தபோது, துன்புறுத்தலின் நோக்கம் மறைவாக இருக்கவில்லை. அக்காலத்தில், 1687இல், இரவலர் கோலத்தில் வந்து பணியாற்றிய யோசப் வாஸ் அடிகளார், 1711இற் கண்டியில் நோயுற்று இறந்தமையால், புனிதர் எனப்படுகிறாரேயன்றி வேதசாட்சி எனப்படுவதில்லை.

2006இலோ பூசையை எவரும் தடைசெய்யவில்லை. அது இனப்போர், மதத் துன்புறுத்தல் அன்று என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. அவுஷ்விற்ஸ் முகாமில் வேறொரு கைதிக்காக, ஒரு குடும்பத் தலைவனுக்காக, 1941இற் பட்டினிச் சாவை ஏற்ற மக்சிமிலியன் கொல்பே, 1971இல் முத்திப்பேறு பெற்றபோது வேதசாட்சியாகக் கருதப்படவில்லை. 1982இற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை வேதசாட்சியாகவே புனிதர் நிலைக்கு உயர்த்தினார். மனிதனை வெறுப்பதும் விசுவாசத்தை வெறுப்பதும் முற்றிலும் வேறானவை அல்ல என்பதற்கு இஃதொரு வலுவான சான்று. (இலக்கணம் முன்னே செல்ல வாழ்க்கை பின்னே வருவதாக எண்ணுவோர் இதனைக் கவனிப்பது நன்று.)

ஆயினும் வேறொரு தடை உண்டு. என்னைப் பெரிதும் வருத்துவதும் அதுவே. வேதசாட்சி என்பதற்கு ஈடான கிரேக்கச் சொல்லும் சாட்சி என்றே பொருள்படும். பண்டைய கொலைஞன் கூட்டத்தின் நடுவே கொன்றான். அவனை அறியாமலே அக்கூட்டம் சாட்சியாயிற்று. காணாமலாக்குபவனோ உடலையும் நாளையும் காரணத்தையும் ஒருங்கே எடுத்துச் செல்கிறான். ஆகவே வேதசாட்சி என நாம் உரைக்கும் கணத்தில், இறந்துவிட்டார் என்ற தீர்ப்பையும் உடன் எழுதிவிடுகிறோம். 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்த தாய்மார், மரணச் சான்றிதழை ஏற்க மறுத்தமை ஏன் என்பதை இங்கு நினைத்துப் பார்த்தல் வேண்டும். "எங்கே?" என்பது அவர்களின் வினா. அதற்கு விடை கிடைக்குமுன் நாம் பீடம் அமைத்தால், கேள்வி கேட்கப்பட வேண்டியவர் நன்றியுடன் விலகிச் செல்வார்.

எனவே அப்பெயரை இப்போது வழங்கலாகாது என்பதே என் துணிபு. சாட்சியம் இல்லை என்பது இதன் பொருளன்று. எறிகணை வீழ்ந்த ஊருக்கு ஒரு வாரத்திற்குள் திரும்பிச் சென்றதே அவரது சாட்சியம். அதனை முழுமையாக்க ஒரு மரணம் தேவை என்று நான் கருதவில்லை.

உடன் சென்றவரைப் பற்றியும் ஒரு சொல். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர். எந்தப் பங்கும் அவர் பொறுப்பில் இருக்கவில்லை. வீட்டில் ஐவர் காத்திருக்க, அதே வழியில், அதே நாளில், அதே சாவடி வரை சென்றார். நமது சொல்லாராய்ச்சியில் அவருக்கு எந்தப் பெயரையும் நாம் இதுவரை தேடவில்லை.