கேட்கும் இதயம்

கிபியோனில் இறைவன் கனவிலே தோன்றி வரமளிக்க முன்வந்தபோது, சாலொமோன் செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ நாடவில்லை. மக்களை நியாயம் விசாரிக்க ஞானமே வேண்டினான். எபிரேய மூலத்தில் அவன் வேண்டியது 'கேட்கும் இதயம்'. நம் தமிழிலும் கேட்டல் என்னும் சொல் வினவுதல், செவிமடுத்தல், கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கி நிற்பது எண்ணி மகிழத்தக்கது. வள்ளுவரும் 'கேள்வி'க்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

இத்தகையோன் வழுவியது எங்ஙனம்? அறிவு குன்றியதாலன்று. ஆலயத்தை 7 ஆண்டுகளில் முடித்தவன் தன் அரண்மனைக்கு 13 ஆண்டுகள் செலவிட்டான். முதுமையிலோ எருசலேமுக்கு எதிரேயுள்ள மலையில் அயல் தெய்வங்களுக்கு மேடை அமைத்தான். இருமுறை தோன்றிய இறைவனின் எச்சரிக்கை அவன் செவியில் ஏறவில்லை. மறைநூல் மடமை என்பது இதனையே, எழுத்தறியாமையை அன்று.

பிள்ளைகள் சொற்கேளாமை, பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நம் இல்லங்களில் ஓயாத முறையீடு. பெற்றோர் கேட்கக் கற்றோமா என்பதை எவரும் வினவுவதில்லை! சாலொமோனின் மகன் ரெகொபெயாம், மக்களின் சுமையைக் குறைக்குமாறு முதியோர் உரைத்ததைத் தள்ளி, உடன்வளர்ந்த இளைஞரின் சொல்லை ஏற்றான். அவனும் கேட்கத்தான் செய்தான். தனக்கு இனித்ததை மட்டும். 10 கோத்திரங்கள் அவனை விட்டுப் பிரிந்தன.