தண்ணீருக்குத் தீட்டு எது?



சுவாமித்தோப்புக்குப் போகிறவர் எவரும் முதலில் முத்திரிக் கிணற்றங்கரையில் நிற்கிறார். அங்கே இறைத்த நீரில் குளித்து, கையில் ஊற்றும் பதத்தை வாங்கிப் பருகி, அதன் பிறகே பதிக்குள் நுழைகிறார். அவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்பார் அங்கே இல்லை. இன்று இது இயல்பாகத் தெரிகிறது. அய்யா வைகுண்டர் அந்தக் கிணற்றைப் பதினெட்டுச் சாதிக்கும் பொதுவாக்கியபோது திருவிதாங்கூர் நாட்டில் அப்படி இல்லை. ஒருவர் இறைக்கும் கிணற்றில் இன்னொருவர் கயிறு போட்டால் தண்ணீரே கெட்டுவிட்டது என்று நம்பிய காலம் அது. பொதுக் கிணறும் பொதுத் தெருவும் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தன. மனிதன் தொட்டால் தண்ணீர் கெடாது என்பதை அய்யா ஒரே கயிற்றில், ஒரே வாளியில், ஒரே நீரில் எல்லாரையும் குளிக்கவும் குடிக்கவும் வைத்துக் காட்டினார்.

இந்த வரலாற்றைத் தாங்கல் தோறும் கேட்டு வளர்ந்த அன்புக்கொடி மக்களில் ஒருவருக்கு இன்று ஒரு சந்தேகம் வரலாம். ஊருக்கு வரும் சுகாதார செவிலியர், "குடிதண்ணீர்ப் பானைக்குள் கை விடாதீர்கள், டம்ளரை முக்காதீர்கள்" என்கிறார். தொட்டால் தண்ணீர் கெடாது என்று அய்யா காட்டியிருக்க, தொட்டால் கெடும் என்று இவர் சொல்கிறாரே, பழைய தீட்டுத்தானே வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது? சிரித்து ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி இல்லை இது. இதற்குச் சரியாகப் பதில் சொல்லாத வீட்டில், ஒன்று பானை கெடுகிறது, இல்லையென்றால் மனது கெடுகிறது.

பழைய தீட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது ஆளைப் பார்த்தது, கையைப் பார்க்கவில்லை. நன்றாகக் கழுவிய கையாக இருந்தாலும் தாழ்த்தப்பட்டவர் கை என்றால் ஆகாது. சாணி மெழுகிய கையோடு வீட்டுக்காரரே பானைக்குள் செம்பை விட்டால் அது ஆகும். அதாவது, அந்த விதிக்கும் தண்ணீரின் தூய்மைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தண்ணீரைக் காரணம் காட்டி மனிதனை விலக்கி வைத்த ஏற்பாடு அது.

செவிலியர் சொல்லும் விதி வேறு. அது முதலில் வீட்டுக்காரரின் கையைத் தடுக்கிறது. மலம் கழித்துவிட்டுச் சோப்பில்லாமல் கழுவிய கை, குழந்தையின் துணி அலசிய கை, நகத்தில் அழுக்குள்ள கை, யாருடையதானாலும் பானைக்குள் போகக் கூடாது என்கிறது. வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, இவையெல்லாம் மலத்திலிருந்து கைக்கும் கையிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து வாய்க்கும் போகிறவை. அந்தக் கிருமிக்குச் சாதி தெரியாது. எனவே விதியைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இது என் கைக்கும் பொருந்துகிறதா? பொருந்தினால் அது சுத்தம். வந்தவர் கைக்கு மட்டும் பொருந்தினால் அது தீட்டு.

இந்தக் கிருமி விவரம் உலகுக்கே அய்யாவின் காலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அய்யா வைகுண்டம் ஏகியது 1851-இல். மூன்றாண்டு கழித்து, 1854-இல், லண்டனில் காலரா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்கள் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். பெரும்பாலும் எல்லாம் பிராட் தெருவில் இருந்த ஓர் அடிபம்பைச் சுற்றியே இருந்தன. அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவு, குடிக்க ருசி. அதன் ருசிக்காகவே தொலைவிலிருந்து வரவழைத்துக் குடித்த ஒரு மூதாட்டியும் இறந்துபோனார். முப்பதாண்டு கழித்து, 1884-இல், ராபர்ட் கோச் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் அந்தக் கிருமியைக் கண்டார். கண்ணுக்குத் தெளிவாக இருப்பது தூய்மையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் இதை நேரில் காணலாம். மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த மலைவட்டத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் தேனும் புளியும் எடுத்து வாழ்கிறார்கள். ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அந்த மலை விடுபட்டதே 1976-இல்தான். பல குக்கிராமங்களுக்குக் குடிநீர் என்றால் இன்றும் ஓடை, சுனை, ஊற்றுக்குழி. கோடையில் ஊற்று வற்றும். பெண்கள் குடத்தோடு காத்திருந்து மொண்டு வருவார்கள். மழை பெய்தால் ஓடை சிவந்து ஓடும். அந்த மலையில் பிறக்கும் கோமுகி, அடிவாரத்தில் அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சிப் பகுதி வயல்களை நனைத்து, மணிமுக்தாவோடு சேர்ந்து வெள்ளாற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. மேலே இருப்பவர் குடித்து மிச்சம் விட்டதே கீழே இருப்பவர் தண்ணீர். மலைக்காரர் என்று ஒருவருக்குத் தனி டம்ளர் வைக்கும் சமவெளி வீடு, அவர் மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீரைத்தான் நெல்லாகவும் கரும்பாகவும் உண்கிறது என்பதை மறந்துவிடுகிறது.

தனி டம்ளர் எல்லாம் எந்தக் காலம் என்று கேட்பவர்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது 2022 டிசம்பரில். முத்திரிக் கிணறு தோண்டி இருநூறு ஆண்டு நெருங்கும் நேரம்.

வீட்டுப் பானைக்கு வருவோம். மழைக்காலத்துக் கலங்கல் நீரை அப்படியே கொதிக்க வைக்க வேண்டாம். முதலில் தெளிய விட வேண்டும். தேற்றான் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றி வைப்பது நம் பாட்டிமார் செய்தது. சேறு திரண்டு அடியில் படியும். அதில் சிறப்பு உண்டு, ஆனால் தெளிந்த நீர் கிருமியற்ற நீர் ஆகிவிடாது. மேலே நின்ற தெளிவை மட்டும், பழைய பருத்திப் புடவையை நாலாகவோ எட்டாகவோ மடித்து அதில் வடிகட்ட வேண்டும். வங்கதேசத்துக் கிராமங்களில் இப்படிப் புடவைத் துணியில் வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் 2003-இல் பதிவு செய்தார்கள். பாதி குறைந்தது என்றால் பாதி மிஞ்சுகிறது. அதற்குத்தான் அடுப்பு.

தண்ணீர் தளதளவென்று கொதித்து, அந்தக் கொதிப்பு ஒரு நிமிடம் நின்றால் போதும். கல்வராயன் மலை உயரத்திலும் இதுவே போதும். அதைவிட மிக உயர்ந்த மலைகளில்தான் மூன்று நிமிடம் வேண்டும். விறகை வீணாக எரித்துக் கால் மணி நேரம் காய்ச்ச வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கொதிப்பு கிருமியைக் கொல்லும், உப்பையும் ஃப்ளோரைடையும் போக்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அவை கொஞ்சம் கூடவே செய்யும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பல் கறையேறும் ஊரில் காய்ச்சுவதை மட்டும் நம்பியிருக்காமல், தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லி ஊராட்சியை நெருக்க வேண்டும்.

விறகுக்கும் வழியில்லாத வீட்டுக்கு வெயில் இருக்கிறது. கீறல் விழாத, நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, ஓட்டின் மேல் நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தினால் பெரும்பாலான கிருமிகள் சாகும். மேகமூட்டமானால் இரண்டு நாள். தாங்கலில் அன்னதர்மம் நடக்கும் நாளில் பெரிய தொட்டி என்றால், ஆயிரம் லிட்டர் தெளிந்த நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் அளவு, தனியே கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறலாம். லேசான மருந்து வாடை இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த தண்ணீரை அகன்ற வாய் அண்டாவில் ஊற்றி, மூடாமல் வைத்து, ஆளுக்கொரு டம்ளரை முக்கி எடுத்தால் செய்தது எல்லாம் வீண். பெரும்பாலான வீடுகளில் தவறு அடுப்பில் நடப்பதில்லை, இங்கேதான் நடக்கிறது. குறுகிய வாய்க் குடம், இறுக்கமான மூடி, முடிந்தால் அடியில் குழாய். குழாய் இல்லையென்றால் நீளக் கைப்பிடியுள்ள கரண்டி, அதைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டி வைக்க ஓர் ஆணி. டெங்கு கொசு முட்டையிட்டுப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒரு முறை பாத்திரத்தின் உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். வெறுமனே அலசினால் ஒட்டியிருக்கும் முட்டை போகாது.

இன்னொரு தயக்கம் பக்தியின் பெயரால் வருகிறது. அய்யா வெறும் தண்ணீரையும் மண்ணையும் கொடுத்து நோய் தீர்த்தாரே, தண்ணீரைக் காய்ச்சுவது நம்பிக்கைக் குறைவு ஆகாதா என்று. தனக்காக ஒருவர் அப்படி நினைக்கலாம்; அதை அவரும் அய்யாவும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர் தன் வீட்டுப் பானையிலிருந்து இரண்டு வயதுப் பேரனுக்கு ஊற்றிக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தன் நம்பிக்கைக்கான விலையைப் பேசத் தெரியாத பிள்ளையின் குடலில் வாங்குவது எந்த வகையில் பக்தி? துவையல் தவசில் நின்ற மக்கள் அழுக்கு தானாகப் போகும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் துணியைத் துவைத்தார்கள், குளித்தார்கள். உழைத்துச் சுத்தம் செய்வதையே அவர்கள் தவமாகக் கொண்டார்கள்.

கள்ளக்குறிச்சி என்றதும் நாட்டுக்கே நினைவு வருவது 2024 ஜூன். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலும் பார்வைக்குத் தண்ணீர்தான்: நிறமில்லை, கலங்கலில்லை. "குடிகாரர்கள், தேடிக்கொண்டார்கள்" என்று பேசியவர்கள் உண்டு. மதுவை விலக்குவது அன்புக்கொடி மக்கள் காக்கும் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் செத்தவரை ஏசக் கிடைத்த உரிமை ஆகாது. விதவையாகி நின்ற பெண்ணுக்கும் தாய் தந்தை இரண்டையும் இழந்த பிள்ளைக்கும் அந்தப் பேச்சு என்ன செய்யும்?

கல்வராயன் மலை ஓடைக்கரைகளில் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவதும் காவல்துறை போய் அழிப்பதும் பல்லாண்டுச் செய்தி. ஓடை ஒன்று, விறகு ஒன்று, கல் அடுப்பும் ஒன்று. அதில் ஏற்றும் பானையில் குடிதண்ணீர் கொதிக்காமல் ஊறல் கொதிப்பது ஏன் என்று கேட்டால், காய்ச்சிய தண்ணீரை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதே விடை. வேறு பிழைப்பு இல்லாத மலையில் அடுப்பு காசு வரும் பக்கம் சாய்கிறது. அந்த மக்களின் நிலையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. சாலையும் பள்ளியும் குடிநீரும் கொடுப்பது அரசின் கடமை, அதைக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் வரையில், வாசலில் வந்து நிற்பவருக்கு என்ன கொடுப்பது என்பது அந்தந்த வீட்டின் கையில் இருக்கிறது.

மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கிய ஒருவர், பங்குனி வெயிலில், ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு பானை இருக்கிறது: காய்ச்சி ஆறவைத்தது வீட்டாருக்கு, குழாயில் பிடித்தது கை கால் கழுவ. எதில் மொள்வது என்று அந்த வீட்டு அம்மாள் ஒரு கணம் நிற்கிறார். காய்ச்சியது கொஞ்சம்தான் இருக்கிறது, மகன் பள்ளியிலிருந்து வருவான், எரிவாயு விலை வேறு. அந்த ஒரு கணத்துத் தயக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. அதன் பிறகு கை எந்தப் பானைக்குப் போகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. காய்ச்சியதையே மொண்டு, மகன் குடிக்கும் அதே டம்ளரில் கொடுத்து, அவர் குடித்த பின் மகன் குடித்தால் எப்படிக் கழுவுவாரோ அப்படியே கழுவி வைத்தால், முத்திரிக் கிணறு அந்த வீட்டு அடுக்களையில் இருக்கிறது.

சில தாங்கல்களில் வாசலில் மண்பானை வைக்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் அதைத் தேய்த்துக் கவிழ்த்துக் காயவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பணிவிடைக்கு முன் காய்ச்சி ஆறிய நீரை நிரப்பி, குழாயைத் துடைத்து, மூடி போட்டு வைக்க நேரம் சரியாக இருக்கும்.