விடுப்பு யாருக்காக?

"கண்ணை மூடுவதற்குள் நாலு இடம் பார்த்துவிட வேண்டும்" என்று ஒருமுறையேனும் சொல்லாதவர் அரியர். ஒருவருக்குப் பனிமலையைக் காணும் ஆசை. மற்றொருவருக்கு இளமையில் பாதியில் விட்ட வயலினை மீண்டும் பயிலும் ஆசை. இன்னொருவருக்கு எருசலேமின் தெருக்களில் ஒருநாள் நடக்கும் ஆசை. இவையெல்லாம் பெரும்பாலும் 'பணி ஓய்வுக்குப் பின்' என்று ஒத்திவைக்கப்படுபவை. இன்றோ, ஓய்வு வயதுவரை காத்திராமல், ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டேனும் தம் ஆசைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றப் புறப்படுவோர் பெருகி வருகின்றனர். "பொறுப்புள்ளவர் செய்யும் காரியமா இது?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். "வாழ்வது ஒருமுறைதானே" என்று மறு சாரார் விடையளிக்கின்றனர். கிறிஸ்தவ மனசாட்சி இதில் எந்தப் பக்கம் நிற்கும்?

இத்தகைய பட்டியலை ஆங்கிலத்தில் 'பக்கெட் லிஸ்ட்' என்பர். சாவைக் குறிக்கும் ஒரு கொச்சை வழக்கிலிருந்து பிறந்த இத்தொடரை உலகெங்கும் பரப்பியது, ராப் ரெய்னர் இயக்கத்தில் 2007இல் இதே பெயரில் வெளிவந்த திரைப்படம். சாகும் நிலையிலுள்ள இரு முதியவர்கள் மருத்துவமனையில் ஒரே அறையில் சந்திக்கின்றனர். ஒருவர் பெருஞ்செல்வர், மற்றவர் மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலாளி. ஆசைகளை எழுதி வைத்துக்கொண்டு இருவரும் உலகைச் சுற்றுகின்றனர். ஆனால் கதை முடிவது எந்தச் சுற்றுலாத் தலத்திலும் அன்று. தொழிலாளி தம் மனைவி மக்களிடம் திரும்புகிறார். செல்வரோ நெடுநாள் பிரிந்திருந்த மகளைத் தேடிச் செல்கிறார். எதைத் தேடிப் புறப்பட்டோம் என்பது அவ்விருவருக்கும் ஊர்களைப் பார்த்து முடித்த பின்னரே விளங்குகிறது.

ஓய்வு என்பது சோம்பேறிகளின் சலுகை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. விவிலியம் அவ்வாறு கருதவில்லை. ஓய்வுநாளைப் பற்றிய கட்டளைக்கு விடுதலைப் பயண நூல் கூறும் காரணம், கடவுள் உலகைப் படைத்து ஓய்ந்தது. இணைச்சட்ட நூல் கூறும் காரணம் வேறு: நீங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்ததை மறவாதீர்கள் என்பது. அடிமைக்கு ஓய்வு கிடையாது. ஆகவே ஓய்ந்திருத்தல் விடுதலை பெற்றவரின் அடையாளம். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடல், ஞாயிறு ஓய்வை வலியுறுத்தியது. புனித இரண்டாம் ஜான் பால் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வார ஓய்வையும் ஆண்டு விடுப்பையும் தொழிலாளரின் உரிமைகளுள் வைத்தார். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்று வகுத்தது. ஆகவே, விடுப்பு எடுப்பதற்காக எவரும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

உண்மையில், விடுப்பே எடுக்காதவரும் தம்மைச் சோதித்தறிய வேண்டியவரே. மத்திய அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பை 300 நாள்வரை சேர்த்து வைத்து, ஓய்வு பெறும்போது பணமாக்கிக்கொள்ள விதி இடமளிக்கிறது. மகளின் திருமணத்தையும் கட்டி முடிக்காத வீட்டையும் எண்ணிச் சேர்ப்பவரை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் "முப்பதாண்டில் தேவையின்றி ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை" என்று பிரிவுபசார விழாவில் போற்றப்படுபவரின் வீட்டில், தந்தையின்றி நடந்தேறிய புதுநன்மை விழா ஒன்று இருக்கலாம். மகன் வருவான் என்று காத்திருந்தே கண்மூடிய தாய் ஒருவர் இருக்கலாம். லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் அறிவற்ற செல்வன் செய்ததும் இதுவே. பெரிய களஞ்சியங்களைக் கட்டி முடித்த பின்னர் இளைப்பாறலாம் என்று அவன் தன் நெஞ்சுக்கு நாள் குறித்தான். அந்த நாள் அவன் கையில் இல்லை.

எனில், ஆசைப் பட்டியலோடு புறப்படுபவர் அச்செல்வனிடமிருந்து தப்பிவிட்டாரா? எப்போதும் இல்லை. களஞ்சியத்தில் தானியத்துக்குப் பதிலாகக் காட்சிகளைச் சேர்ப்பவரும் உண்டு. ஏழு நாளில் ஐந்து நகரங்கள், நகருக்கு நூறு நிழற்படங்கள் என்று ஓடுகிறவருக்கு விடுப்பும் இன்னோர் அலுவலகமாகிவிடுகிறது. பட்டியலே அங்கு மேலதிகாரி. கண்கள் விரும்பிய எதையும் அவற்றுக்கு மறுக்காமல் கொடுத்துப் பார்த்த ஒருவர், இறுதியில் அனைத்தும் வீண் என்று கண்டுகொண்டதைச் சபை உரையாளர் நூல் சொல்கிறது. திருத்தலங்களையும் இவ்வாறு எண்ணிக்கையாக்கிவிட முடியும். நடைப்பயணமாக வேளாங்கண்ணி சென்றும், அன்னையின் முன் ஐந்து நிமிடம் அமைதியாய் நிற்காமல் திரும்புவோர் இல்லையா?

ஆயினும் ஆசையையே பகைக்க வேண்டியதில்லை. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க், 1336 ஏப்ரல் 26 அன்று தென் பிரான்சின் வாந்தூ மலைமீது ஏறியதை ஒரு மடலில் விவரித்துள்ளார். அதன் உயரம் சுமார் 1,900 மீட்டர். அவ்வுயரத்தைக் காண வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை என்று அவர் ஒளிக்காமல் கூறுகிறார். உச்சியில் நின்று ஆல்ப்ஸ் மலைகளையும் ரோன் ஆற்றையும் கண்டு மகிழ்ந்த பின்னர், புனித அகுஸ்தினார் தம் வாழ்வை அறிக்கையிட்ட நூலைத் திறந்தார். மலைகளையும் கடல்களையும் விண்மீன்களையும் வியக்கச் செல்லும் மனிதர், தம்மைத் தாமே நோக்காமல் விட்டுவிடுவதைக் குறித்த பகுதி கண்ணில் பட்டது. அடிவாரம் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. வெறும் ஆசைதான் அவரை மலைமேல் ஏற்றியது. அந்த ஆசையின் வழியாகவே இறைவன் அவரோடு பேசினார். ஒரு நூலைத் திறந்து கேட்க அவர் அங்கே சற்று நின்றதனால்தான் அது நிகழ்ந்தது.

சாவை முன்னிறுத்தி வாழ்வைச் சிந்திக்கும் வழக்கம் திருச்சபைக்குப் புதிதன்று. லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார் (1491–1556) தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், முக்கியமான முடிவொன்றை எடுக்க வேண்டியவர் தம் இறப்பு வேளையைக் கற்பனை செய்து, அவ்வேளையில் எப்படி முடிவெடுத்திருக்க விரும்புவாரோ அப்படியே இப்போது முடிவெடுக்கட்டும் என்று வழிகாட்டுகிறார். ஆசைப் பட்டியலும் இறப்பைத்தான் நோக்குகிறது, ஆனால் அதன் கேள்வி, "சாகுமுன் எதையெல்லாம் அடைய வேண்டும்?" என்பது. இஞ்ஞாசியாரின் கேள்வியோ, "அந்த வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன்?" என்பது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் இடங்களின் பெயர்களே விடையாக வரும். இரண்டாவதற்கு மனிதர்களின் பெயர்கள் வரும்: பேச்சு நின்றுபோன அண்ணன், உழைப்பையே கண்டு ஓய்வைக் காணாத மனைவி, எப்போது வருவாய் என்று கேட்பதையே விட்டுவிட்ட தாய்.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. நம் விடுப்பின் சுமையை யார் சுமக்கிறார்? ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. பணியாளரையும் பணிப்பெண்ணையும் மாட்டையும் கழுதையையும் ஊரில் தங்கிய அந்நியரையும் அது பெயர் குறித்துச் சேர்க்கிறது. கணவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் அடுப்படிக்கு விடுப்பில்லை என்றால், அந்த ஓய்வு கட்டளையின் பாதியையே நிறைவேற்றுகிறது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் விசைப்படகுத் தொழிலாளர் கரையில்தான் இருக்கின்றனர். அரசின் நிவாரணம் கிடைத்தாலும் அதை எவரும் விடுப்பு என்று அழைப்பதில்லை. பல வீடுகளில் அது கடன் வளரும் காலம். விரும்பி விடுப்பு எடுக்க முடிவதே ஒரு கொடை என்பதை உணர்ந்தவர், தம் வீட்டு வேலையாளின் ஒரு நாள் ஓய்வுக்குக் கூலியைப் பிடிக்கமாட்டார்.

மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பணி முடித்துத் திரும்பிய திருத்தூதருக்கு உண்ணவும் நேரமில்லை. தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறுங்கள் என்று அழைத்தவர் இயேசுவே. சீடர்கள் கேட்டுப் பெற்ற விடுப்பு அன்று அது. படகில் சென்று இறங்கினால், அங்கே மக்கள் கூட்டம் முந்திக்கொண்டு காத்திருக்கிறது. ஆயனில்லா ஆடுகளைப் போலிருந்த அவர்கள்மேல் அவர் பரிவு கொண்டு கற்பிக்கிறார், உணவும் அளிக்கிறார். அத்தோடு ஓய்வைக் கைவிட்டுவிட்டாரா? இல்லை. எல்லாரையும் அனுப்பிய பின்னர், தனியே இறைவேண்டல் செய்ய மலைக்குச் செல்கிறார். பிறர் தேவை அவருடைய விடுப்பைத் தள்ளிவைத்தது, பறித்துவிடவில்லை.

ஆகவே, அன்பர்களே, விடுப்பு எடுக்க மனமுள்ளவர் எடுக்கட்டும். பனிமலையையும் காணட்டும், வயலினையும் பயிலட்டும். புறப்படுமுன் அந்தப் பட்டியலைக் குடும்பத்தாரின் முன் வைத்து, "உங்கள் பட்டியலில் என்ன இருக்கிறது?" என்று ஒருமுறை கேட்கட்டும். பல வீடுகளில் அந்தக் கேள்வி இதுவரை கேட்கப்பட்டதே இல்லை. அதற்கு வரும் விடை சில பயணங்களைத் தள்ளிவைக்கலாம். சிலவற்றில் உடன்வர ஒருவரைச் சேர்க்கலாம். அவ்வாறு எடுக்கும் விடுப்புக்குக் கடவுள்முன் கணக்குச் சொல்ல நாம் அஞ்ச வேண்டியதில்லை.