என் சைக்கிள், என் உயிர், உங்களுக்கு என்ன?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஆபத்தான ஒரு காரியத்தை நான் விரும்பிச் செய்கிறேன். விழுந்தால் எனக்குத்தான் அடி, வலித்தால் எனக்குத்தான் வலி. அப்படியிருக்க, "அதைச் செய்யாதே" என்று சொல்ல வேறொருவருக்கு உரிமை இருக்கிறதா?

போன வருடம் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால், யோசிக்காமலேயே "இல்லை" என்று சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன், என் அம்மாவிடம். "என் சைக்கிள், என் உயிர், உங்களுக்கு என்னம்மா?" அம்மாவிடம் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் அன்று நான் கோபத்தில் சொல்லவில்லை. நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்த நியாயம் எங்கே உடைந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யுபிஎஸ்ஆர் முடிவு வந்தபோது அப்பா வாங்கித் தந்த மவுண்டன் பைக் அது. 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று மொத்தம் 21 கியர். கிள்ளானில் எங்கள் தாமானுக்குள் ஒரு மேடுகூடக் கிடையாது. அந்த 21-இல் நான் பயன்படுத்தியது ரெண்டோ மூணோதான். ஐந்தாம் படிவம் முடிந்து மோட்டார் லைசென்ஸ் வந்ததும், சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே போய்விட்டது.

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அதை வெளியே எடுத்துப் பார்த்தேன். கியர் கம்பிகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. பிரேம் மட்டும் நல்ல இரும்பு, ஒன்றும் ஆகவில்லை. இதை ஏன் ஃபிக்ஸியாக மாற்றக் கூடாது என்று தோன்றியது.

ஃபிக்ஸி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண சைக்கிளில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் உருளும். பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல்தான் அதற்குக் காரணம். ஃபிக்ஸியில் அது கிடையாது. பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம், அதுவும் சக்கரத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் ஓடும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆகவேண்டும். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். அதனால்தான் சிலர் "காலே பிரேக்" என்று சொல்லி, கை பிரேக்கைக் கழற்றிவிடுகிறார்கள்.

வேலையில் இறங்கினேன். பின்அச்சு உட்காரும் இடம் என் பிரேமில் கொஞ்சம் சாய்வாக நீண்டிருந்தது. அது என் அதிர்ஷ்டம். சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க முடிந்தது. நேர் கீழாக வெட்டிய பிரேமாக இருந்தால் கஷ்டம். கியர் சைக்கிளில் செயின் தளர்ச்சியை எடுக்கும் ஸ்பிரிங் கையை ஃபிக்ஸியில் வைக்க முடியாது. காலைப் பின்னோக்கி அழுத்தும்போது செயினின் கீழ்ப்பக்கம் விறைக்கும், அந்தக் கை முறிந்துவிடும்.

பின் பல்சக்கரத்துக்கு முதலில் மலிவான வழியைத்தான் யோசித்தேன். பழைய ஃப்ரீவீலைக் கழற்றி, அதே மரையில் ஒரு ஃபிக்ஸி பல்சக்கரத்தைத் திருகி, பசை போட்டு ஒட்டிவிடலாம் என்று. சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் போய்க் கேட்டேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. தலையை ஆட்டினார். "தா போலே. காக்கி தெக்கான், டியா பூக்கா," என்றார். முடியாது, கால் அழுத்தினால் அது கழன்றுவிடும் என்று அர்த்தம்.

மூன்று வருடம் இயந்திரவியல் படித்தவனுக்கு அது தானாகத் தோன்றியிருக்க வேண்டும். முன்னோக்கி மிதித்தால் மரை இறுகும், பின்னோக்கி அழுத்தினால் அதே மரை தளரும். அதாவது, நிறுத்த வேண்டிய அந்த ஒரு நொடியில்தான் அது கழன்று போகும். பந்தயச் சைக்கிளின் ஹப்பில் இதற்காகவே எதிர்த்திசை மரை போட்ட இன்னொரு வளையம் பூட்டாக இருக்கும். என் ஹப்பில் அது இல்லை. கடைசியில் தவுக்கேயே வழி சொன்னார். டிஸ்க் பிரேக் ஹப் உள்ள பழைய சக்கரம் ஒன்றைக் கொடுத்து, அதை இடவலமாகத் திருப்பிப் போட்டு, டிஸ்க் மாட்டும் ஆறு திருகாணித் துளைகளில் பல்சக்கரத்தை மாட்டச் சொன்னார். அது எந்தப் பக்கம் அழுத்தினாலும் கழலாது. முன்னால் 42 பல், பின்னால் 16 பல். ஒருமுறை மிதித்தால் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றும், கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் போகும்.

இதுவரை நான் செய்ததில் தப்பு எதுவும் இல்லை. தப்பு அதற்கு அடுத்த நாள் நடந்தது. ஹேண்டல்பார் மொட்டையாக இருந்தால்தான் அழகு என்று நினைத்து, முன் பிரேக், பின் பிரேக் ரெண்டையும் கழற்றினேன்.

அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார். "பிரேக்கு எங்கடா?" அப்போதுதான் அந்த வசனம் பேசினேன். கூடவே ஒரு வாதமும் வைத்தேன். "அஸிஸுல்ஹாஸ்னி பிரேக் இல்லாமத்தானே ஓட்டுறாரு? அவரு உலக சாம்பியன் இல்லையா?" அஸிஸுல்ஹாஸ்னி அவாங் 2017-இல் கெய்ரின் போட்டியில் உலகப் பட்டம் வென்றவர், ஒலிம்பிக்கில் வெண்கலமும் வெள்ளியும் வாங்கியவர். அவர் ஓட்டும் சைக்கிளும் ஃபிக்ஸிதான், அதில் பிரேக் கிடையாது. அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பதில் எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. நீலாயில் இருக்கிற தேசிய வெலட்ரோமில் எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள். குறுக்கே லோரி வராது, பந்து எடுக்க ஒரு சின்னப் பிள்ளை ஓடி வராது. அங்கே ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால்தான் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. இன்னொன்று, அந்த ஓடுபாதையில் இருக்கும் எல்லாரும் அந்த விதிக்குச் சம்மதித்து வந்தவர்கள். எங்கள் தாமான் சாலையில் யாரிடமும் நான் சம்மதம் கேட்கவில்லை.

கணக்கும் எனக்கு எதிராகத்தான் இருந்தது. நிறுத்தும்போது நம் எடை முன்சக்கரத்துக்குப் போகும், பின்சக்கரம் லேசாகும். அதனால் பின்சக்கரத்தை எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் பிடிக்காது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நல்ல முன் பிரேக்கால் ஏறக்குறைய 5 மீட்டரில் நிற்கலாம். காலால் மட்டும் என்றால் ஏறக்குறைய 10 மீட்டர். நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு மைவி காரின் நீளத்தைவிட அதிகம். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நான் மெதுவாத்தானே ஓட்டுறேன்" என்று தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் ஓட்டினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எதிர் வீட்டில் ஒரு தம்பி இருக்கிறான். முதலாம் படிவம் படிக்கிறான். நான் வாசலில் உட்கார்ந்து சைக்கிளைப் பிரித்தபோதெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். "அண்ணே, இது என்ன? அண்ணே, அது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நான் விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு, அவனும் தன் சைக்கிளில் பிரேக்கைக் கழற்றிவிட்டான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவனுடையது ஃபிக்ஸி இல்லை. ஃப்ரீவீல் உள்ள சாதாரண சைக்கிள். அதில் பெடலைப் பின்னால் அழுத்தினால் சும்மா சுற்றும், அவ்வளவுதான். எனக்குக் காலாவது பிரேக்காக இருந்தது. அவனுக்கு அதுவும் இல்லை, செருப்பைத் தரையில் தேய்க்கத்தான் முடியும். தாமானுக்கு வெளியே மேம்பாலத்து இறக்கத்தில் அவனால் நிறுத்த முடியவில்லை. சாலைக்குப் போகாமல் வலுக்கட்டாயமாக ஓரத்துக் கால்வாய்ப் பக்கம் திருப்பியிருக்கிறான். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். தாடையில் தையல்.

அடுத்த வாரம் நான் வீட்டுக்கு வந்தபோது அவனைப் பார்க்கப் போனேன். அவன் அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வா தம்பி, உக்காரு. உன்ன மாதிரியே ஓட்டணும்னு ஆசைப்பட்டான்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்கு மைலோ கலக்கப் போனார். அந்த மைலோவைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

ஹாஸ்டலில் என் அறைத் தோழனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ அவனச் செய்யச் சொன்னியா? இல்லல்ல? அவன் பாத்து செஞ்சா அது அவன் பொறுப்பு, அவன் அப்பா அம்மா பொறுப்பு. இப்படிப் பாத்தா யாரும் எதுவுமே செய்ய முடியாது. மலை ஏற முடியாது, மோட்டார் ஓட்ட முடியாது."

இது லேசான வாதம் இல்லை. பல நாள் இதை யோசித்தேன். நாம் செய்வதையெல்லாம் யாரோ தப்பாகப் புரிந்துகொள்ளலாம். அத்தனைக்கும் பொறுப்பேற்றால் வாழவே முடியாது. உண்மைதான்.

ஆனால் என் விஷயத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. என் சைக்கிளில் நிறுத்தும் வழி இருந்தது பின்ஹப்பில், ஆறு திருகாணிக்கும் என் கால் பழக்கத்துக்கும் நடுவில். அது வெளியே தெரியாது. வெளியே தெரிந்தது மொட்டை ஹேண்டல்பார் மட்டும். பார்ப்பவன் தெரிவதைத்தானே எடுத்துக்கொள்வான்? மேலும், பார்த்துக்கொண்டிருந்தது யாரோ அல்ல. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன், தினமும் கேள்வி கேட்டவன். அவன் என்னைப் பார்த்துக் கற்கிறான் என்பது எனக்குத் தெரியும். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டு, பொறுப்பை மட்டும் "அது உன்னோடது" என்று திருப்பிக் கொடுப்பது எப்படி நியாயமாகும்?

2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜோகூர் பாருவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 'பாசிக்கால் லாஜாக்' ஓட்டிய எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். எல்லாரும் பதின்ம வயது. காரை ஓட்டியவரின் வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய், 2023-இல்தான் விடுதலை என்று முடிந்தது. அப்போது நாடே ரெண்டாகப் பிரிந்து, யார் மேல் தப்பு என்று சண்டை போட்டது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எட்டு வீடுகள், ஒரு காரோட்டி, ஆறு வருடம். "என் உயிர், என் ரிஸ்க்" என்ற கணக்கில் இவற்றில் எதற்குமே இடமில்லை. அந்தக் கணக்கு சைக்கிள் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு உடம்பை மட்டும்தான் எண்ணுகிறது. எதிரே வருகிறவரை எண்ணவில்லை, பார்த்து நிற்கிறவனை எண்ணவில்லை, அம்மாவையும் எண்ணவில்லை.

சிங்கப்பூரில் 2021-இல் சட்டமே கொண்டுவந்தார்கள், பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளுக்குக் குறைந்தது ஒரு கை பிரேக்காவது இருக்க வேண்டும் என்று. எனக்குச் சட்டம் வந்து சொல்லவில்லை. ஒரு மாவுக்கட்டு சொல்லியது.

ஆக, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது என் பதில் இது. என் ஆபத்து முழுக்க முழுக்க என்னோடு முடியுமானால், மற்றவர்கள் வேண்டாம் என்று கெஞ்சலாம், தடுக்க உரிமை குறைவு. ஆனால் அப்படி என்னோடு முடிகிற ஆபத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆபத்தே இல்லாமல் வாழச் சொல்லவில்லை. யாரெல்லாம் அந்த ஆபத்துக்குள் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறேன். நான் எண்ணவே இல்லை. அதுதான் என் தப்பு.

ஃபிக்ஸியை நான் விடவில்லை. இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். ஓட்டும்போது சக்கரம் சுற்றும்வரை என் காலும் சும்மா இருக்க முடியாது என்பது பிடித்திருக்கிறது. நான் ஓடவிட்டதை நான்தான் தொடர்ந்து மிதிக்க வேண்டும். முன் பிரேக்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். புதுக் கம்பி, புது ரப்பர், எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு வெள்ளிதான் ஆனது.

தம்பிக்குக் கட்டுப் பிரித்த பிறகு, அவன் சைக்கிளை எங்கள் வாசலில் வைத்து ரெண்டு பேருமாக பிரேக் மாட்டினோம். இந்தத் தடவை ஃப்ரீவீல் எப்படி வேலை செய்கிறது, என் சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்தே காட்டினேன். முதல் தடவையே காட்டியிருக்கலாம். அவன் என் ஹேண்டல்பாரைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, உங்களுதுலயும் பிரேக் போட்டுட்டீங்களா? பயமா?"

"ஆமா, பயம்தான்," என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஸ்பேனரை எடுத்து, தன் பின் பிரேக்கை இன்னொரு சுற்று இறுக்கினான்.