விசுவாசி அழலாமா?



சாவு நேர்ந்த வீட்டில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "அழாதீர்கள், அவர் மோட்சத்துக்குப் போய்விட்டார்." நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான். ஆயினும் அதைக் கேட்கும் தாயோ விதவையோ, 'நான் அழுவது விசுவாசக் குறைவோ?' என்று கலங்குகிறாள். நித்திய சீவியத்தை விசுவசிக்கிறவன் அழலாமா, ஆகாதா?

அர்ச். அகுஸ்தீனையும் இக்கேள்வி வாட்டியது. ஞானஸ்நானம் பெற்ற அதே 387-ம் ஆண்டில், சொந்த நாடாகிய ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற அவர் உரோமையின் துறைமுகமான ஓஸ்தியாவில் தாயோடு காத்திருந்தார். அங்கே அர்ச். மோனிக்கம்மாள் காய்ச்சலாய்க் கிடந்து, ஒன்பதாம் நாள், தன் 56-ம் வயதில் மரித்தாள். பேரன் வாய்விட்டு அலறினான். பெரியவர்கள் அவனை அடக்கினார்கள். நல்மரணம் அடைந்தவளுக்காகப் புலம்புவது தகாது என்று எண்ணினார்கள். அகுஸ்தீனும் கல்லறையருகே பலிபூசை நடந்தபோதுகூட அழவில்லை. ஆனால் அடக்கிய துக்கம் உள்ளே புழுங்கியது. பிறகு, உறங்கி விழித்துத் தனியே படுத்திருக்கையில், தேவ சமுகத்தில் மனந்திறந்து அழுதார். அதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

நம் ஆண்டவரோ, லாசரைச் சற்று நேரத்தில் உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும் பெத்தானியாவில் கண்ணீர் விட்டார். அர்ச். சின்னப்பரும் தெசலோனிக்கேயருக்குத் துக்கத்தைத் தடுக்கவில்லை. நம்பிக்கையற்ற துக்கத்தையே தடுத்தார். ஆகையால் கண்ணீர் அவிசுவாசம் அன்று. அது அன்பின் கடன்.

அப்படியானால் விசுவாசம் தரும் ஆறுதல் எது? நம்பிக்கையற்றவனுக்கு, அடக்கத்தோடு அன்பின் வேலை முடிந்துபோகிறது. நமக்கோ அது முடிவதில்லை. மோனிக்கம்மாள் ஒரு காலத்தில் சொந்த ஊரில், கணவன் அருகே அடக்கம் பெறவே ஆசைப்பட்டவள். கடைசியில் அதையும் விட்டாள். உடலை எங்கேனும் புதைத்துவிட்டு, பீடத்தருகே தன்னை நினைத்தால் போதும் என்றாள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மகன் அதை எழுதுகையில் அவர் கண்ணீர் வேண்டுதலாய் மாறியிருந்தது. தம் தாய்தந்தையரைப் பீடத்தில் நினைக்கும்படி வாசிப்போரையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

1945-ல் ஓஸ்தியாவில் குழி தோண்டிய இரு சிறுவர், அவளுடைய கல்லறை எழுத்துள்ள பளிங்குத் துண்டொன்றைக் கண்டெடுத்தார்கள். கல் உடைந்து மண்ணில் புதைந்து கிடந்தது. அவள் கேட்ட நினைவோ இன்றும் பீடத்தில் நிலைத்திருக்கிறது.

ஆகவே, பிரியமானவர்களே, இனித் துக்க வீட்டுக்குச் செல்லும்போது "அழாதே" என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அழ விடுங்கள். அழுது ஓய்ந்ததும் அவர்களோடு முழந்தாளிட்டு ஒரு ஜெபமாலை சொல்லுங்கள். முப்பதாம் நாளோடு மறந்துவிடாமல், வருடந்தோறும் ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். மரித்தோருக்கு நாம் இன்னும் உதவலாம் என்பதே நமக்குள்ள ஆறுதல். ஒரு நாள் அவர்களைக் காண்போம் என்ற நம்பிக்கையோடு அந்த வேலையைச் செய்வோமாக.

உங்கள் பங்குக் குரு