ஊரைச் சுற்றிப் பார்ப்பதும் இப்ரத்தும்

அரபு மொழியில் ‘இப்ரத்’ என்றொரு சொல் உண்டு. படிப்பினை எனத் தமிழில் சொல்லிவிடுகிறோம். அதன் வேர்ச்சொல்லுக்கோ கடத்தல், ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லுதல் என்பது பொருள். கண்ட பொருளிலேயே நின்றுவிடாமல், அது உணர்த்தும் காணாப் பொருளுக்கு மனம் கடந்து செல்வதே இப்ரத். பேரறிஞர் இப்னு கல்தூன் தம் வரலாற்றுப் பெருநூலுக்குக் ‘கிதாபுல் இபர்’ என்று பெயர் சூட்டியது இச்சொல்லைக் கொண்டுதான்.

சென்னையில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் நடைபெறும் ‘மெட்ராஸ் வார’ விழாவை எண்ணும்போதெல்லாம் இச்சொல் என் நெஞ்சில் எழுகிறது. 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கடலோரத்தில் ஒரு நிலத்துண்டை நாயக்கரிடமிருந்து பெற்றனர் என்பர். அந்நாளை நகரின் பிறந்த நாளாகக் கொண்டு, வரலாற்றாசிரியர் எஸ். முத்தையா உள்ளிட்ட ஆர்வலர் சிலர் 2004இல் இவ்விழாவைத் தொடங்கி வைத்தனர். 2019இல் முத்தையா மறைந்த பின்னரும் இது தொடர்கிறது. ஆர்வமுடையோர் தாமே முன்வந்து சொற்பொழிவு வைப்பர். பழைய புகைப்படங்களைக் காட்சிக்கு வைப்பர். மாணவர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்துவர். விடியற்காலையில் ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு பழைய தெருக்களில் நடந்து சென்று கதை சொல்வர்.

வணிகர் நிலம் வாங்கிய நாள் எப்படி ஊர் பிறந்த நாளாகும், மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பன்னூறு ஆண்டு மூத்தவையல்லவா என்று கேட்போர் உளர். கேட்பது நியாயமே. ஊருக்குப் பிறந்த நாள் கொண்டாடுவது நமக்கு ஆகுமா என்று நம்மவர் சிலரும் கேட்கின்றனர். கூடி அமர்ந்து அறிவைப் பரிமாறிக்கொள்வதற்கு நாள் ஒரு சாக்கு, அவ்வளவே. பூமியில் நடந்து சென்று முன்னிருந்தோரின் முடிவைப் பார்க்குமாறு திருமறை மீண்டும் மீண்டும் ஏவுகிறது. ஆகவே நடப்பதில் எனக்கு ஐயமில்லை. பார்த்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய நடைக்குழு ஒன்று திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு வந்தபோது நான் அங்கிருந்தேன். பெரும்பாலோர் பிற சமயத்தார். செருப்பை வெளியே விட்டு, பெண்கள் தலையை மூடி, மிக்க மரியாதையுடன் நின்றனர். அவர்களுள் ஓர் இளைஞர் என் தாடியையும் தலைப்பாகையையும் கண்டு, “ஐயா, இங்கே கல்லில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். ஓதும் காலத்திலிருந்து அங்குத் தொழுதுவந்தவன் நான். அக்கல்லை ஒருநாளும் நின்று படித்ததில்லை. அன்று நான் அடைந்த வெட்கத்தை எழுத்தில் சொல்ல இயலாது.

பிறகு படித்தேன். இறைவனை நினைவுகூர்தலே பெரிது எனப் பொருள்படும் மூன்று அரபுச் சொற்கள் அவை. அப்ஜத் கணக்கில் முதற்சொல்லுக்கு 920, அல்லாஹ் என்னும் திருநாமத்துக்கு 66, மூன்றாவதற்கு 223; கூட்டினால் 1209. பள்ளி எழுந்த ஹிஜ்ரி ஆண்டு அது. கிறிஸ்தவக் கணக்கில் 1795. இதனை யாத்துக் கொடுத்தவர் நவாபின் அந்தரங்கச் செயலாளரான ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர்! பள்ளிவாசலுக்கு ஆண்டுக் குறிப்புச் சொல்ல ஓர் இந்து முன்வந்ததும், அவர் சொல்லை முஸ்லிம்கள் கல்லில் ஏற்றியதும் அக்காலத்தில் இயல்பாக நடந்தேறின.

அதே வளாகத்தில் மௌலானா அப்துல் அலி பஹ்ருல் உலூம் அவர்கள் அடங்கியுள்ளார்கள். லக்னோவிலிருந்து வந்து சென்னையில் கற்பித்து 1810இல் மறைந்த அப்பெரியார், நம் மதரஸாக்களில் இன்றும் வழங்கும் நிஜாமியா பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் மைந்தர். தந்தை வகுத்த பாடத்தை ஓதி ஸனது பெற்ற நான், மகனின் கப்ருக்குச் சில அடி தூரத்தில் பன்முறை தொழுதும் ஒரு ஸலாம் சொன்னதில்லை. அதை எனக்குக் காட்டியவர்கள் கையில் குறிப்பேட்டுடன் வந்த அந்நியர்கள்.

இதைச் சொன்னவுடன் நம் கூட்டங்களில் “பார்த்தீர்களா நம் முன்னோர் பெருமையை!” என்ற குரல் எழும். இங்கேதான் மற்றொரு வழுக்கல் இருக்கிறது. முன்னோர் பேரால் பெருமையடிப்பதை அறியாமைக் காலத்துப் பண்பு என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அவர்கள் கட்டியது அவர்கள் செயல்; அதில் நம் உழைப்பு ஒரு கல்லளவும் இல்லை.

பள்ளிவாசலுக்கு அருகிலேயே சேப்பாக்கம் அரண்மனை நிற்கிறது. 1768இல் நவாப் முஹம்மது அலி வாலாஜா எழுப்பியது. நடைக்குழுவினர் அதன் வளைவுகளை வியப்பர், வியக்கத்தக்கவையே. ஆனால் அதன் கதை வளைவுகளில் இல்லை. நவாப் கம்பெனி ஊழியர்களிடம் கடும் வட்டிக்குக் கடன்பட்டார். கொடுத்தவர்களில் பெயர்பெற்றவன் பால் பென்ஃபீல்டு; அரண்மனையைக் கட்டிக் கொடுத்தவனும் அவனே என்பர். கடனுக்கு ஈடாக நாட்டின் வரி வருவாய் எழுதிக் கொடுக்கப்பட்டது. இக்கடன்களைக் குறித்து 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நெடிய உரை நிகழ்த்தும் அளவுக்கு அந்த ஊழல் நாறியது. 1801இல் ஆட்சி கம்பெனியிடம் போயிற்று. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறையவே பட்டமும் போயிற்று; அரண்மனையும் அரசுடைமையாயிற்று.

அவரை ஏச நான் இதை எழுதவில்லை. மகள் திருமணத்தில் பந்தலும் பிரியாணியும் ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை! பத்திரிகையில் பிஸ்மி அச்சிட்டு, மறுநாள் அடகுக்கடை வாசலில் நிற்கிறோம். சேப்பாக்கத்தைப் பார்த்துவிட்டு வருபவன் இந்தக் கரைக்குக் கடந்து வரவில்லையென்றால் அவன் பார்த்தது வெறும் சுண்ணாம்பும் செங்கல்லுமே.

இப்போது ஒவ்வோர் ஆகஸ்டிலும் என் மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். பள்ளியில் கல்லைக் காட்டி அப்ஜத் கணக்கு போடச் சொல்வேன். பையன்கள் விரைவில் 1209க்கு வந்துவிடுவர். பஹ்ருல் உலூம் அவர்களுக்கு ஸலாம் சொல்வோம். பின்னர் சேப்பாக்கம். சென்ற முறை ஒரு சிறுவன், கதை முழுதும் கேட்டுவிட்டு, “ஹஜ்ரத், அந்தக் கடனைக் கடைசியில் யார் அடைத்தார்கள்?” என்றான்.

“உழவர்கள்” என்றேன். “அவர்கள் கட்டிய வரியிலிருந்து.”

அவன் தந்தை குத்தகைக்குப் பயிரிடுபவர். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. ஊர் திரும்பும் ரயிலில் இருட்டும்வரை சன்னலோரம் அமர்ந்து வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.